கோணாத கம்பி

கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் மண்ணாங்கட்டி மலையைத் தேடுவான். எந்த ஊர் வயலில் நின்றாலும் சரி, கண்ணுக்கு மேல் கையை வைத்து அடிவானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அண்ணாமலை உச்சி தட்டுப்பட்டதும், "ஆங், அதோ குந்திக்கினு இருக்காரு" என்பான். அப்புறம்தான் இடுப்பிலிருந்து நூல் உருண்டையை எடுப்பான். கிணற்றின் இந்தக் கரையில் ஒரு முளை, அந்தக் கரையில் ஒரு முளை, நடுவே நூல். மலை எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றத் திக்குகள் எல்லாம் அவனுக்குத் தானாக வந்துவிடும். நூலிலிருந்து ஒரு குண்டைத் தொங்கவிட்டு, கீழே பாறையில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பான். அந்தப் பொட்டில்தான் கம்பி நுழையும்.

அவன் செய்கிற வேலைக்கு எங்கள் பக்கம் சைடு போர் என்று பெயர். கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். வெட்ட முடியாதபடி கடும்பாறை வந்துவிட்டால், கிணற்றின் அடியில் நின்று பக்கவாட்டில் பாறையைக் குடைந்துகொண்டு போவார்கள். சக்கரம் வைத்த கைமிஷினை இரண்டு ஆள் சுற்ற வேண்டும். ஐந்தடிக் கம்பிகள் ஒன்றின் வாலில் ஒன்று முடுக்கப்பட்டு, நூறடி, நூற்றைம்பதடி என்று பூமிக்குள் படுத்தபடியே போகும். வழியில் ஊற்று அகப்பட்டால் அந்தத் துளை வழியாகக் கிணற்றுக்கு வந்துவிடும். அது யார் நிலத்துக்கு அடியில் ஓடுகிற ஊற்று என்று கம்பி கேட்பதில்லை. மேலேதான் வரப்பு, கல், பட்டா எல்லாம். கீழே ஒன்றும் கிடையாது.

மண்ணாங்கட்டியின் அப்பா சின்னசாமியும் நானும் ஒரே பாட்டனின் பேரன்கள். சின்னசாமிக்கு மூத்தது தனம் என்கிற பெண். அதற்குப் பிறகு பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்ததும், எமனுக்குக்கூட வேண்டாததாக இருக்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி, எடுத்து, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தவள் சின்னசாமியின் அம்மா, எனக்குச் சின்னம்மா. இவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் தனம். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்துவிட்டது. இன்றைக்கும் அவள் நடந்தால் தெரியும்.

ஆள் குட்டை. தோள் மட்டும் பெரிது. தலைமயிரிலும் புருவத்திலும் பாறைத்தூள் படிந்து, நாற்பது வயசிலேயே கிழவன் மாதிரி இருப்பான். சைடு போருக்கு வருவதற்கு முன்னால் கிணற்றில் வெடி வைக்கிற வேலை பார்த்தவன். அதில் வலது காது போய்விட்டது. பேசுகிறவர்களுக்கு எப்போதும் இடது கன்னத்தைத்தான் காட்டுவான். கிணற்றுக்குள்ளிருந்து மேலே இருப்பவர்களோடு கத்திக் கத்திப் பேசி, தரையிலும் அதே குரல்தான். "பக்கத்துல குந்திக்கினு உப்பு கம்மின்னு கூவறாரு, நாலு வூடு கேக்குது" என்று அவன் பெண்சாதி உண்ணாமலை தலையில் அடித்துக்கொள்வாள்.

அவனிடம் ஒரு வினோதம் உண்டு. எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் ஆமை இருக்கும். கிணறு வற்றி, இவனைக் கூப்பிடும் நிலைமைக்கு வந்தால் ஆமை சேற்றில் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கும். இவன் முதலில் அதைத்தான் எடுப்பான். ஈரச்சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, தண்ணீர் உள்ள வேறு ஊர்க் கிணறு எதிலாவது விட்டுவிட்டு வருவான். ஒரு ஆமையின் ஓட்டில் சட்டியின் வாய் உடைந்த மாதிரி ஒரு தழும்பு. அதை ஐந்து வருஷத்தில் நாலு கிணற்றிலிருந்து எடுத்தானாம். "என்ன பாத்தா அதுக்கே தெரிஞ்சிடுது பெரிப்பா. வந்துட்டான்டா, மூட்டைய கட்டுன்னு காலை உள்ள இழுத்துக்குது" என்று சிரிப்பான்.

கரண்டு மோட்டார் வருவதற்கு முன்பு எங்கள் பக்கம் முப்பதடியில் தண்ணீர் நின்றது. கவலை ஏற்றம் ஓட்டி இறைக்கிற மாடு களைத்தால் கிணற்றுக்கும் ஓய்வு. மோட்டார் களைப்பதில்லை. எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷத்திலிருந்து ஊருக்கு ஊர் ஐம்பதடி, எழுபதடி என்று போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு மேல் போக முடியாத இடத்தில்தான் மண்ணாங்கட்டிக்குப் பிழைப்பு ஆரம்பித்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைத் தேடிக் குடியானவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் கிணற்றில் துளை போட்டு வந்தால், அடுத்த மாசமே பக்கத்து நிலத்துக்காரர் வருவார். அவருக்கும் போட்டுக் கொடுத்தால், முதல் ஆள் மறுபடி வருவார்.

"நான் தொட்ட கெணறு ரெண்டு வருஷத்துல திரும்ப என்ன கூப்பிடும்" என்று அவன் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் சொன்னான். போகப் போக அதே வார்த்தையை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் கேட்டேன், இப்படியே குடைந்துகொண்டு போனால் எங்கேடா போய் நிற்கும் என்று. டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்: "அது நம்மள பாத்து பயந்து கீழ கீழ ஓடுது பெரிப்பா. எங்க போய் ஒளிஞ்சாலும் கைய வுட்டு இழுக்கறவன் நான்தான். தெரியுது. நாளைக்கு வேட்டவலம் பக்கம் ரெண்டு கெணறு இருக்குது, போவணும்."

கம்பிகளுக்கு முனை அடித்துக் கொடுக்கிறவர் சாந்த் பாஷா. தேரடிக்குப் பின்னால் பட்டறை. இரண்டு பேருக்கும் இருபது வருஷச் சிநேகம், இருபது வருஷச் சண்டை. நூறடிக்கு மேல் போனால் எந்தக் கம்பியும் கோணும், பாறை எங்கே இளகலாக இருக்கிறதோ அங்கே சாயும் என்பார் பாய். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. மண்ணாங்கட்டி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். "மலைய பாத்து நூல் புடிக்கிறேன் பாய். என் கம்பி கோணாது. உங்க கண்ணுதான் கோணல்" என்பான். "அரே, நூலு மேல இருக்குது, கம்பி உள்ள போவுது. மலை என்ன உள்ள வந்து புடிச்சிக்குமா?" என்று பாய் துருத்தியை மிதிப்பார்.

தனத்தைக் கீழ்பென்னாத்தூருக்கு வடக்கே இரண்டு கல் தொலைவில் ஒரு கிராமத்தில் இராமலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது ஒன்றரைக் காணி நிலம், ஒரு கிணறு, கஸ்தூரி என்கிற பெண். மானாவாரியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கேழ்வரகு. அந்தக் கிணறு நல்ல கிணறு. சித்திரையிலும் ஆளுயரம் நிற்கும்.

அடுத்த நிலம் ஆதிமூலத்துடையது. எண்பத்தொன்றில் மழை பொய்த்தது. எண்பத்திரண்டு பங்குனியில் அவர் கிணறு அடி தெரிய வற்றிவிட்டது. சைடு போர் போடப்போகிறேன் என்று ஊரில் சொன்னார். கிழக்கே கடும்பாறை, மேற்கேதான் போட்டாக வேண்டும். தனத்தின் கிணறு அவர் கிணற்றுக்குத் தென்மேற்கில் இருக்கிறது. தனம் அன்றைக்கே பஸ் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"நீயே வந்து போட்டுக் குடுடா தம்பி" என்றாள்.

"உன் கெணத்துப் பக்கத்துலயா? வேணாங்கா. வேற எவனையாவது வெச்சி போட்டுக்கட்டும்."

"வேற எவனாவது வந்தா என் பக்கம்தான திருப்புவான்? எங்க தண்ணி கெடக்குதுன்னு ஊருக்கே தெரியுமே. நீ வந்தா என் கெணத்த வுட்டுட்டுப் போட மாட்டியா?"

போனான். அன்றைக்கு நானும் தனம் வீட்டில்தான் இருந்தேன். மேற்கே மலை துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்து நூல் பிடித்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். "பாத்துக்கோ. நேர் மேற்கு. மலை மூக்கு மேல போவுது. உன் கெணத்துக்கு முப்பதடி வடக்கால தள்ளிப் போயிடும்." அவள் நூலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், "போடு" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் கூழ் கரைக்கப் போனாள்.

ஐந்தாம் நாள், இருபத்திரண்டாவது கம்பியில் தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுற்றிக்கொண்டிருந்த ஆட்கள் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு ஏறினார்கள். ஆதிமூலம் தேங்காய் உடைத்து, "மேஸ்திரி, நீ மனுசனே இல்லய்யா" என்று கட்டிக்கொண்டார். தனமும் வந்து எட்டிப் பார்த்தாள். தம்பிக்குத் திருஷ்டி கழித்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் தனத்தின் மோட்டார் காற்றை இழுத்தது.

அந்த மாசம் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கிணறு வற்றியது என்பது நிஜம். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "கூடப் பொறந்தவனே அக்கா கெணத்த ஆதிமூலத்துக்குத் திருப்பி வுட்டுட்டான்" என்று குழாயடியில் பேசினார்கள். தனம் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனாள். "என் தம்பிய சொன்ன வாயில புழு வைக்கும்" என்றாள். சொல்லி அனுப்பினாள். அவன் வந்தான். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியிருக்க, மலை இருக்கிற திக்கைப் பார்த்து நின்றான். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, "என் கம்பி எங்க அக்கா கெணத்துப் பக்கம் திரும்பல. திரும்பியிருந்தா அந்த அண்ணாமலையான் என்ன கேக்கட்டும்" என்று சொல்லி, கையை மூடி அணைத்தான். பொய்யாக ஒருவன் அப்படி நிற்க முடியாது. அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

அதோடு தனத்துக்கு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. மழை இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான். நெற்பயிர் காய்ந்தது. மாட்டை விற்றாள். வரப்பு தாண்டி ஆதிமூலம் நிலத்தில் நடவுக்குப் போனாள், களையெடுக்கப் போனாள். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று நாற்று நட்டுக்கொண்டே, "மவராசன் கெணத்துல தண்ணி இருக்குது, நமக்கும் கூலி கெடைக்குது" என்பாள். நான் அந்த வரப்பில் நின்று கேட்டிருக்கிறேன்.

விட்டுவிட்டு ஏறிய கம்பிகளை ஆதிமூலம் ஆள் வைத்துப் பிடுங்கி, ஒரு மாசம் கழித்துத்தான் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். சாந்த் பாஷா கடைசி ஏழெட்டுக் கம்பிகளை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன. "மண்ணாங்கட்டி, இது எந்த ஊர் கெணத்துக்குப் போனது?" என்று கேட்டாராம். "கோணியிருக்குதுய்யா. ஜாஸ்தியா கோணியிருக்குது." அவன் கம்பிகளை வாங்கி மூலையில் சாத்திவிட்டு வெளியே வந்தான். அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அக்கா ஊருக்கே போகவில்லை. வேலை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா என்று போன மாசம் டீக்கடையில் அவனையே கேட்டேன். ரொம்ப நேரம் இடது கன்னத்தைக்கூடத் திருப்பவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னான்: "எழுதுங்க பெரிப்பா. கஸ்தூரி புத்தகம் படிக்கிறவ. அவங்க அம்மாவுக்குப் படிச்சிக் காட்டுவா. என் வாயால வரமாட்டேங்குது." அந்தக் குரல் மட்டும் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

எண்பத்து மூன்று சித்திரையில் கஸ்தூரி வயசுக்கு வந்தாள். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். பெண்ணின் தலைக்கு ஊற்றுகிற முதல் குடம் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். அதைத் தாய்மாமன்தான் சேந்தி வைக்க வேண்டும். அதற்கப்புறம் எந்தத் தண்ணீரையும் ஊற்றிக்கொள்ளலாம். கிணற்றிலோ ஒரு வருஷமாக ஒன்றும் இல்லை. "கைபம்புத் தண்ணிய ஒரு கொடம் கெணத்துல எறக்கி, அதையே தூக்கிக்கலாம் தனம், யார் பாக்கப்போறா?" என்று ஒரு கிழவி யோசனை சொன்னாள்.

"எதுக்கு?" என்றாள் தனம். "என் தம்பி கெணத்துக்காரன். ஊரானுக்கெல்லாம் பாறையில தண்ணி காட்டறவன், மருமவளுக்கு ஒரு கொடம் கொண்டாரமாட்டானா?"

இதற்கு வரமாட்டேன் என்று எந்தத் தாய்மாமன் சொல்வான்? சீர்த்தட்டோடு வந்தான். புது வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு கயிற்றைப் பிடித்து இறங்கினான். மேற்குக் கரையில் நானும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்திருந்தோம். எதிரே கிழக்குக் கரையில் தனம், அவளுக்குப் பின்னால் பெண்டுகள். உச்சிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வெயில் கிணற்றின் பாதிவரை இறங்கியிருந்தது.

அடியில் காய்ந்த சேறு. கையாலும் கொட்டாங்கச்சியாலும் பறித்தான். முழங்கை ஆழத்தில் ஈரம் தெரிந்தது. இன்னும் பறித்தான். ஊறியது.

"ஊறுதா மாமா?" என்று பெண்டுகள் கேலி செய்தார்கள். "இல்ல வேர்வையா?"

"ஊறுது, ஊறுது. கொழுந்தியாளுங்க வாய மூடுங்க, சத்தத்துல அது பயந்துக்கப் போவுது" என்றான். மேலே ஒரே சிரிப்பு.

கொட்டாங்கச்சியை விட்டுப் பார்த்தான். குழியில் தண்ணீர் இல்லை. கொஞ்சம் பொறுத்தான். ஊறியது. மறுபடி இல்லை.

"பெரிப்பா, ஊறுது. நிக்கமாட்டேங்குது" என்றான்.

ஊறுகிற தண்ணீர், ஆதிமூலம் நிலம் இருக்கிற கிழக்குச் சுவர்ப் பக்கமாகப் போய் மறைந்துகொண்டிருந்தது. அங்கே சேற்றைப் பறித்தான். பறித்துக்கொண்டே வந்தவன் கை ஒரு இடத்தில் நின்றது. சேற்றுக்குள் கையை விட்டான். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. தோள் வரைக்கும் போயிற்று. தோளைச் சுவரில் வைத்தபடி அசையாமல் இருந்தான். அப்புறம் கையை உருவி, கொட்டாங்கச்சியில் இருந்த ஒரு வாய்த் தண்ணீரைச் சுவரில் அடித்தான். சேறு வழிந்தது. வெயில் அப்போது அடிவரைக்கும் வந்துவிட்டது. எதிர்க் கரையிலிருந்து பார்த்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொம்பின் வாயால் அழுத்தி எடுத்த மாதிரி, விளிம்பு சிதறாத வட்டமான துளை. சாந்த் பாஷா அடிக்கிற முனை அப்படித்தான் வெட்டும். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படி முனை அடிப்பதில்லை. தனம் நேர் மேலே நின்றதால் அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாடா தம்பி? இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லக்கா."

"சத்தத்தையே காணோமேடா?"

"கண்ணு தேடறேங்கா. ஊத்துக் கண்ணு."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். முறுக்கினான். துளைக்குள் விட்டு, உள்ளங்கையால் அடித்து அடித்து ஏற்றினான். கடைசி முனையும் உள்ளே போனதும் மேலே சேற்றை அப்பித் தடவினான். சுவர் சுவராகிவிட்டது. குழியில் தண்ணீர் நின்றது. கலங்கல்தான், ஆனாலும் நின்றது. கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக அள்ளி, குடத்தின் வாயில் துணி கட்டி வடித்தான். ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று. மேலே கேலி அடங்கிப்போய், எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். கிணற்றுக்குள்ளிருந்து அவன் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குடம் மேலே வந்ததும் தனம் இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களாடி? என் தம்பிடி!" என்று பெண்டுகளிடம் காட்டினாள். யாரோ குலவையிட்டார்கள். அதற்குள் அவனும் ஏறி வந்து கரையில் நின்றான். முழங்கால்வரை சேறு, தோள்வரை சேறு. தாய்மாமன் தலைப்பாகையோடு நின்றுதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தனம் அவன் தலையைப் பார்த்தாள்.

"எங்கடா துண்டு?"

அவன் சேறு வழிகிற இரண்டு கையையும் தூக்கி, வெறுந்தலை மேல் வைத்துக்கொண்டான்.

"அய்யய்ய, நல்ல நாளும் அதுவுமா தலையில கைய வெச்சிக்கினு நிக்கிறியே, எடுடா" என்று ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் எடுக்கவில்லை.